கையால் சுற்றிய பாட்டு

நாற்பத்தாறு வயதில், சர்க்கரை வியாதியைச் சாட்டாக வைத்து, நான் ஒரு நடன வகுப்பில் சேர்ந்தேன். தினமும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்ன டொக்டர், நடக்கத்தான் சொன்னார், ஆடச் சொல்லவில்லை. வகுப்பு யாழ்ப்பாண நகரத்தில் ரியூசன் வகுப்புகள் நடக்கும் ஒரு ரியூற்றரியின் மேல்மாடியில். மற்றப் பத்துப் பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். முதல் நாள் அவர்கள் என்னை யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன் என்று நினைத்து, மரியாதையாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்கள். அந்தக் கதிரையிலேயே இருந்துவிட்டு வந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

நடனத்துக்குப் பெயர் லொக்கிங். ஃபங்க் என்ற அமெரிக்கச் சங்கீதத்துக்கு ஆடுவது. கையையும் தோளையும் காற்றில் உதறிக்கொண்டு வேகமாகப் போய், திடீரென்று யாரோ திறப்பைத் திருப்பிப் பூட்டியதுபோல் அப்படியே நின்றுவிட வேண்டும். அடுத்த அடியில் பூட்டைத் திறந்துகொண்டு மறுபடி ஓட வேண்டும். ஓடுவதும் தாளத்தில், நிற்பதும் தாளத்தில்.

மாஸ்ரருக்கு இருபத்திமூன்று வயது, ஒரு காதில் தோடு, நல்ல பண்பு. மூன்றாம் கிழமை என்னை ஒருபக்கமாகக் கூப்பிட்டார்.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. லொக் எண்டா ஒரு அடிக்கு நிக்கிறது. நீங்கள் அங்கை குடியிருக்கிறியள்."

"வயசு தம்பி. நிண்டால் எழும்ப நேரமெடுக்கும்."

"அது மட்டுமில்லை. பாட்டு அதே வேகத்திலை போகேக்கை நீங்கள் ஒரு இடத்திலை மெல்லவாகி முழங்காலாலை தாழுறியள். நீங்கள் முந்தி ஆரிட்டையோ பழகினனீங்கள், என்ன?"

"அதெப்பிடித் தெரியும்?"

"புதுசா வாறவை கண்ட இடத்திலை பிழைவிடுவினம். நீங்கள் எப்பவும் ஒரே இடத்திலை பிழைவிடுறியள்."

அவர் போட்டது ஒரு பழைய பாட்டு. நடுவில் பெண்கள் சேர்ந்து பாடும் இடம் வந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. நான் இந்தப் பாட்டுக்கு முன்பு ஆடியிருக்கிறேன். முப்பத்துநாலு வருடம் கழித்து, அதன் சரியான வேகத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை.

என் வயதுக்காரரே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் பிள்ளைகள் வாசித்தால் அவர்களுக்காக ஒரு வரி. அந்த யுத்த வருடங்களில் பற்றரி என்பது, அரசாங்கத் தடையால், கடல் கடக்கக்கூடாத பொருட்களில் ஒன்று. நான் வளர்ந்த நயினாதீவில் எங்கள் பக்கத்துக்கு மின்சாரமும் இல்லை. ஆகவே பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து, இருக்கையும் ஹாண்டிலும் நிலத்தில் பட நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை ரேப் றெக்கோடருக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றினார்கள். சுற்றினால் பாட்டு. கை ஓய்ந்தால் பாடகர் எருமையாகிக் கனைத்துப் படுத்துவிடுவார். கை துடித்தால் நுளம்பாகிக் காதுக்குள் கீச்சிட்டுப் பறப்பார். அந்தக் காலத்தில் எல்லாப் பாட்டுக்கும் இரண்டு கலைஞர்கள்: ஒருவர் பாடியவர், மற்றவர் சுற்றியவர். கசெற் உறையில் முதலாமவரின் பெயர்தான் இருக்கும்.

எங்கள் பாட்டைச் சுற்றியவள் என் மச்சாள்.

மாமியின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். மாமாவுக்குத் தெற்கே ஒரு மலையடிவார ஊரில் பலசரக்குக் கடை இருந்தது. பிறகு இல்லாமல் போனது. இரண்டு றங்குப்பெட்டி, ஒரு தையல் மெசின், ஒரு ரேப் றெக்கோடர் ஆகியவற்றுடன் அவர்கள் அக்கரையில் குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறி வந்து இறங்கினார்கள். மாமா கரையில் நின்று தையல் மெசின் நனைந்ததா என்று பார்த்தார். மச்சாள் கரையில் நின்று என்னைப் பார்த்து, இரண்டு முழங்கையையும் தூக்கி, முழங்காலை மடித்து, அப்படியே விறைத்து நின்றாள். நான் ஓடிப்போய் அம்மாவின் பின்னால் ஒளித்தேன். எங்கள் முதல் சந்திப்பு அதுதான்.

அந்தத் தென்பகுதி ஊரில், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் அவள் இந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாள். முழங்கால்வரை இழுத்த, கோடுபோட்ட நீள மேசும் பெரிய தொப்பியும் போட்ட ஆட்கள் ஆடினார்களாம். கொழும்பில் நின்ற அவளுடைய அண்ணன் ஒரு கசெற்றில் அந்தப் பாட்டைப் பதிந்து கொடுத்திருந்தான். உறையில் கறுத்தப் பேனையால் 'டான்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. பாடியவர் யார் என்று அவளுக்கும் தெரியாது. நாங்கள் அவரை 'அவர்' என்றே சொல்லிக்கொண்டோம், பெரியவர்கள் புருசனைச் சொல்வதுபோல.

அவர்கள் வீட்டுப் பின்வளவில், பூவரசு வேலி ஓரம், கிணற்றடிச் சீமெந்தில் பழகினோம். கிணற்றுத் தண்ணீர் உவர். வாயைக் கொப்பளித்தால் நாக்கில் உப்பு மிஞ்சும். கடலில் இருந்து பாசி மணம் வந்துகொண்டே இருக்கும். பின்னேர வெயிலில் சைக்கிள் கம்பிகள் சுழன்று ஒரு வெள்ளித் தட்டுப்போல் தெரியும். அந்தத் தட்டுக்குள்ளிருந்து யாரோ ஒரு தூரதேசத்து மனிதர் பாடுவதாக எனக்குத் தோன்றும். இப்போதும் கண்ணை மூடினால் பாட்டு வருவதற்கு முன் அந்தத் தட்டுத்தான் வருகிறது. பிறகு டைனமோவின் முனகல். அதன் பிறகுதான் அவர்.

"ஒண்டு எண்டு நான் சொல்லேக்கை நீ நிண்டிருக்க வேணும். ஒண்டு எண்டு கேட்டுப்போட்டு நிக்கக்கூடாது."

"நீ சொல்லாமல் எனக்கெப்பிடித் தெரியும்?"

"எட்டுக்குப் பிறகு ஒண்டு தானேடா வரும்? ஒன்பது வருமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறியே?"

இதைவிடத் தெளிவாகத் தாளத்தைப் பற்றி எனக்கு எந்தப் புத்தகமும் பிறகு சொல்லவில்லை. பல புத்தகங்கள் வாசித்திருக்கிறேன்.

அவள் சுற்றும் வேகம் சரிதானா என்று அவளுக்கே சந்தேகம் வரும். சரியான வேகம் தெற்கே விட்டுவந்த ஊரில் இருந்தது. நினைவில் மட்டும் கொண்டுவந்திருந்தாள். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தீவில் ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரம் ஒன்றே ஒன்று: குறிகட்டுவானிலிருந்து வரும் வள்ளம். டுக் டுக் டுக் என்று அது கடலின் நடுவில் கேட்கத் தொடங்கியதும், "வருது, எழும்பு" என்பாள். அந்தச் சத்தத்துக்குப் பெடலைப் பொருத்திக்கொள்வாள். வள்ளம் கிட்டக் கிட்ட எங்கள் ஆட்டமும் துலங்கும். இறங்குதுறையில் இயந்திரத்தை நிற்பாட்டுவார்கள். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரு தாளமும் இல்லாமல், காற்றோடு நிற்போம். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பெண்கள் சேர்ந்து பாடும் இடத்தில் அவளுக்கு வலக்கை நோகும், இடக்கைக்கு மாற்றுவாள். மாற்றும் கணத்தில் பாட்டு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். பாட்டே அப்படித்தான் என்று நான் நம்பினேன். ஒவ்வொரு முறையும் முழங்காலை மடித்து அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறினேன். மாஸ்ரர் கண்டுபிடித்த பிழை அது. என் முழங்கால் இன்றைக்கும் அவளுக்குக் கை மாற்ற நேரம் கொடுக்கிறது.

ஆட்டம் பிடித்துவிட்டால் எங்கும் ஆடவரும். கிணற்றிலிருந்து வாளியோடு வரும்போது நிற்பேன். சாப்பாட்டுக் கோப்பையோடு குசினிக்குள் நுழையும்போது நிற்பேன். அம்மா இதைப் பார்த்துப் பயந்து, என்னைக் கோயில் ஐயரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஐயா, பிள்ளை நடந்து வரேக்கை சடக்கெண்டு நிண்டு விறைக்கிறான். பேந்து ஒண்டும் நடவாத மாதிரிப் போறான்."

"அடிக்கடியோ?"

"எண்ணிப் பாத்தனான் ஐயா. எட்டு அடிக்கு ஒருக்கால்."

ஐயர் யோசித்தார். எட்டுக்கு ஒருக்கால் வரும் வலிப்பை அவர் கேள்விப்பட்டதில்லை. திருநீறு போட்டு, கையில் நூல் கட்டி, வாயுக் கோளாறு என்று அனுப்பினார். என் தாளம் பிசகவில்லை என்று முதன்முதலில் சான்று சொன்னவர் என் அம்மா. பிள்ளைக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்து அழுதுகொண்டே சொன்னார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்துக் கலைவிழாவில் நாங்கள் இரண்டு பேரும் ஆடுவதாக இருந்தது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பு மச்சாள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு நடந்தது. பலகாரம் நன்றாக இருந்தது. அடுத்த கிழமை மாமி சொன்னார்:

"இனி உந்தக் கை உதறல் கால் உதறல் எல்லாம் காணும். மேடை ஏறினாய் எண்டால் காலை முறிப்பன்."

"அப்ப இவனுக்கு ஆர் சுத்திறது?"

மாமி யோசித்தார். மருமகனின் நிகழ்ச்சி கெடக்கூடாது. சுற்றுவது வேலை, ஆடுவதுதான் ஆட்டம். "திரைக்குப் பின்னாலை இருந்து சுத்து. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

பின்வளவில் மச்சாள் கவிழ்த்த சைக்கிளடியில் குந்தினாள். சைக்கிள் சில்லை ஒரு விரலால் தட்டித் தட்டி விட்டாள். பாட்டு ஒரு சொல் வரும், போகும்.

"நீ ஆடு. நான் சுத்துறன்," என்றாள். "ஆனா கடைசிச் சுற்று எனக்கு."

"நீ சுத்தாட்டிப் பாட்டு நிண்டுபோம்."

"நீ பின்னாலை வந்து சுத்து. நான் முன்னாலை போறன். மணி அடிப்பன், கேட்ட உடனை வா."

"மாமி கொல்லுவா."

"ஆடி முடிய விட்டுக் கொல்லட்டும்."

நான் சத்தியம் பண்ணினேன். கண்ணில் தொட்டு, கிணற்றில் தொட்டு, கையில் ஐயர் கட்டிய நூலிலும் தொட்டு. பிறகு ஐந்து நாள் எனக்குச் சுற்றப் பழக்கினாள். நான் பெடலைப் பார்த்துக்கொண்டு சுற்றினேன். அவர் நுளம்பாகிக் கத்தினார்.

"டேய், பெடலைப் பாக்காதை. அவற்றை குரலைக் கேட்டுச் சுத்து."

ஐந்தாம் நாள் குரல் ஒரு மனிதனின் குரலாக நின்றது. என் கை ஓட, அவள் ஆடினாள். அவள் முழுதாக ஆடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். பாதிக்குமேல் பார்க்க முடியவில்லை. குரலைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று தெரிந்தது: நான் நின்றால் நின்றதாகத் தெரியும். அவள் நின்றால், சுற்றியிருந்த பூவரசும் கிணறும் இவ்வளவு நேரமும் ஆடிக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் நின்றதுபோல் இருக்கும்.

விழா பின்னேரம். பொழுதுபட முன் எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டிய காலம். பள்ளிக்கூட மேசைகளை அடுக்கி மேடை. மேடைக்குப் பின்னால் வெளி, அதன் பின்னால் கடல். பின்திரைக்குக் கீழ்ப்பாதியில் சாக்குத் தைத்திருந்தார்கள், சைக்கிளும் மச்சாளும் தெரியாதபடி. மேற்பாதியில் பள்ளிக்கூட அதிபரின் மெல்லிய வெள்ளை வேட்டி. ஒலிபெருக்கி இல்லை. சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

நான் மாமாவின் கால்பந்தாட்டக் கால மேசும், அப்பா தோட்டத்துக்குப் போடும் பனையோலைத் தொப்பியும் போட்டுக்கொண்டு ஏறினேன். டைனமோ முனகியது. அவர் பாடத் தொடங்கினார். எட்டுக்குப் பிறகு ஒண்டு வந்தது. நான் நின்றேன். சனம் சிரித்தது, இரண்டாம் முறை நின்றபோது சிரிப்பு நின்றது, மூன்றாம் முறை கைதட்டினார்கள்.

கைதட்டல் என்பது பன்னிரண்டு வயதில் ஒருவன் கேட்கக்கூடாத சத்தம்.

கடைசிச் சுற்று வந்தது. திரைக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தது. எனக்குக் கேட்டது. மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன், மறக்கவில்லை. இன்னும் ஒரு எட்டு, பிறகு போகலாம் என்று நினைத்தேன். மணி இரண்டாம் முறை அடித்தது. இன்னும் ஒரு எட்டு. மூன்றாம் முறை மெதுவாக அடித்தது, அடிப்பவளுக்கே நம்பிக்கையில்லாததுபோல.

பிறகு அவர் எருமையானார். கனைத்தார். படுத்தார்.

பாட்டு நின்றது. நான் என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு முழங்காலை மடித்து, ஓலைத் தொப்பி சரிய, வலக்கைச் சுட்டுவிரலை முன்வரிசையில் இருந்த அதிபரை நோக்கி நீட்டி, விறைத்து நின்றேன். பிடரியில் வெயில். கடல் சத்தம். சனம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. என் முகத்தை அல்ல. என் தோளுக்கு மேலால், எங்கோ உயரத்தில். அவ்வளவு பெரியவனாகிவிட்டேன் போலும் என்று எண்ணினேன்.

பிறகு கைதட்டத் தொடங்கினார்கள். சிதறலாக அல்ல. எல்லோரும் சேர்ந்து, ஒண்டு, இரண்டு, மூண்டு, நாலு என்று, வள்ளத்தின் இயந்திரம் மாதிரி ஒரே சீராக. எத்தனை எட்டு என்று நான் எண்ணவில்லை. கைதட்டல் நிற்கும்வரை நான் நின்றேன்.

அதிபர் அவசரமாக மேடை ஏறினார். "அசையாமல் நிண்ட தம்பிக்கு ஒரு பரிசு" என்று, வேறு யாருக்கோ வைத்திருந்த கொம்பாஸ் பெட்டி ஒன்றை என் கையில் திணித்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சந்தோசத்தில் சிரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

திரைக்குப் பின்னால் போனபோது சைக்கிள் மட்டும் கவிழ்ந்து கிடந்தது; சில்லு எப்போதோ நின்றிருந்தது. மச்சாள் இல்லை. அதன் பிறகு அவள் வெளியே வரவில்லை. நான் வேலியடியில் போய் நின்றால் மாமி, "அவளுக்குச் சுகமில்லை, போ" என்பார். ஊரில் யாரும் என்னோடு அந்த ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. பொறாமை என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் அவர்கள் றங்குப்பெட்டிகளோடும் தையல் மெசினோடும் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடா போனார்கள். ரேப் றெக்கோடரும் கசெற்றும் அப்பால் எங்கே போயின என்று தெரியவில்லை. கொம்பாஸ் பெட்டியை நானே ஒரு நாள் இறங்குதுறையில் நின்று கடலில் போட்டேன். அது மிதக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வெகுநேரம் மிதந்தது.

அவள் கோபத்தில் கையை விட்டாள், அந்தக் கோபத்தால் எனக்குப் புகழ் வந்தது. முப்பத்துநாலு வருடம் இந்தக் கணக்கோடு இருந்தேன். இடையில் கல்யாணம், செத்தவீடு என்று பத்துத் தரமாவது போனில் கதைத்திருக்கிறோம். பழைய 'டேய்' போய், 'நீர்' வந்துவிட்டது. இதைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. மாஸ்ரர் என் பிழையைச் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து ரொறன்ரோவுக்குப் போன் எடுத்தேன்.

"நான் உம்மட்டை ஒரு மன்னிப்புக் கேக்க வேணும்," என்றேன். "மூண்டு தரம் மணி அடிச்சனீர். எனக்குக் கேட்டது."

"கேட்டதெண்டு தெரியும். தொப்பிக்குக் கீழை காது அசைஞ்சதைச் சாக்குத் துவாரத்துக்காலை பாத்தனான்."

"அந்தக் கோவத்திலை தானே கையை விட்டனீர்?"

"கோவமோ? எனக்கேன் கோவம்? நீர் வரமாட்டீர் எண்டு விளங்கிப்போச்சு. பாட்டு இல்லாட்டி என்ன, எட்டுக்குப் பிறகு ஒண்டு தானே. எழும்பி ஆடினனான்."

"எங்கை?"

"எங்கையோ? சைக்கிளுக்குப் பக்கத்திலை. நான் எனக்கெண்டு தான் ஆடினனான். வெயில் எனக்குப் பின்னாலை கடலுக்கு மேலை நிண்டதை நான் கவனிக்கேல்லை. என்ரை நிழல் கையும் தலையுமாத் திரை வேட்டியிலை விழுந்திட்டுது. பனை அளவுக்கு. சனம் கைதட்டக் கேக்கத்தான் விளங்கினது. அதுக்குப் பிறகு நிப்பாட்ட மனம் வரேல்லை. நல்ல தாளம் அது. டைனமோவை விடத் திறம்." சிரித்தாள். "முழுத் தீவும் பாத்தது. நீர் மட்டுந்தான் பாக்கேல்லை."

எனக்கு என் தோளுக்கு மேலால் போன கண்கள் எல்லாம் ஒன்றொன்றாக ஞாபகம் வந்தன. ஐயரின் வாய் திறந்திருந்தது. அம்மா கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சீரான கைதட்டலுக்கு நான் ஒரு விரலும் அசைக்கவில்லை. அது அவளுக்குச் சுற்றிக் கொடுத்த பாட்டு. அதிபர் பரிசைத் திணித்தது கண்டதை மூடி மறைக்க. பிறகு ஊர் முழுவதும் வாய் மூடியிருந்ததும் அதற்குத்தான். ஒரு பிள்ளையின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் ஆடியதையே எல்லோருமாகச் சேர்ந்து இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். நான் கொம்பாஸ் பெட்டியோடு மிஞ்சினேன்.

"மாமி அடிச்சவவோ?" என்று கேட்டேன்.

"நாலு அடி. ஒரு கிழமை அறையை விட்டு வெளிக்கிட விடேல்லை. பேந்து ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு, வள்ளம் பாதிக் கடலுக்கு வந்தாப்போலை, அம்மா தண்ணியைப் பாத்துக்கொண்டு தன்ரை பாட்டிலை சொன்னா." மச்சாள் மாமியின் குரலை எடுத்தாள். அவர் செத்துப் பத்து வருடமாகிறது. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

"'எல்லாம் சரி. அந்த நெட்டைப் பெடியன் மட்டும் குறுக்கை விறைச்சுப்போய் நிக்காட்டி வடிவாப் பாத்திருக்கலாம்.'"